ஒரே எண்ணை 47 ஆண்டு அளந்தவர்: நீண்டகாலக் கண்காணிப்புப் பணி குறித்த நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958 மார்ச் முதல் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளந்து வருகிறார்கள். அளவீட்டைத் தொடங்கியவர் ஒரு வேதியியலாளர். 2005இல் இறக்கும்வரை அதை அவர் விடவில்லை. அந்த அளவீடுகளின் வரைபடத்துக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டதால், யாரென்று கண்டுபிடிப்பது எளிது. ஆனாலும் இங்கே ஆட்களைப் பொறுப்பைக் கொண்டே குறிக்கிறோம். கருவி, ஆள்பலம், பணம் ஆகியவை மோதிய இடங்களில் என்ன முடிவு எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

சூழல் மாசு, பருவநிலை ஆய்வுக்கு வரும் இளைஞர்களில் பலர் மூன்றாண்டுத் திட்டங்களில் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் ஆராயும் மாற்றமோ முப்பது ஆண்டு எடுத்துக்கொள்கிறது. இந்த இடைவெளியை ஒருவர் எப்படிச் சமாளித்தார், எங்கே தடுமாறினார் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் கிடைப்பது அரிது.

பின்னணி: முதலில் அளவுகோல்

அவர் முனைவர் பட்டம் பெற்றது பலபடிச் சேர்ம வேதியியலில். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருந்த வேதிப்பொருள் நிறுவனங்கள் அப்படிப்பட்டவர்களைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அவருக்கோ மலையும் வெட்டவெளியும் பிடிக்கும். ஆகவே மேற்கே உள்ள நிலவியல் துறைகளுக்கு மட்டும் விண்ணப்பித்தார். கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்த புவிவேதியியல் பிரிவில் ஆய்வாளராக இடம் கிடைத்தது.

அங்கே எடுத்துக்கொண்ட சிக்கல், ஆற்று நீரிலும் நிலத்தடி நீரிலும் கரைந்திருக்கும் கார்பனேட், சுண்ணாம்புக் கல்லோடும் காற்றோடும் சமநிலையில் இருக்கிறதா என்பது. அதற்குக் காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவு தேவைப்பட்டது. நூல்களில் இருந்த மதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கணக்கை முடித்திருக்கலாம். அவர் தானே அளக்க முடிவு செய்தார். பொருத்தமான கருவி விற்பனைக்கு இல்லாததால், 1916இல் வெளியான ஒரு வடிவமைப்பைத் தழுவிப் பாதரச மானோமீட்டர் (வாயுவின் அழுத்தத்தை அளக்கும் கருவி) ஒன்றைச் செய்தார். அதற்கே ஓராண்டுக்கு மேல் ஆனது.

அந்தக் கருவி வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் பிறகு நடந்தவை விளங்கும். 5 லிட்டர் கண்ணாடிக் குடுவையிலிருந்து காற்றை முழுக்க உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, வெளியிடத்துக்குக் கொண்டுபோய் அதன் குழாயைத் திறப்பார்கள். காற்று தானாக உள்ளே புகும். ஆய்வகத்தில் அந்தக் காற்றைக் குளிர்பொறிகள் வழியாக மெல்ல இழுப்பார்கள். முதல் பொறியில் நீராவி உறைந்து நின்றுவிடும். அடுத்தது திரவ நைட்ரஜனில், சுமார் −196 பாகை செல்சியஸில் இருக்கும். அங்கே கரியமில வாயு உறையும். குறைந்த அழுத்தத்தில் இழுப்பதால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் உறையாமல் கடந்து போய்விடும். பிறகு உறைந்ததைச் சூடாக்கி, கொள்ளளவும் வெப்பநிலையும் தெரிந்த சிறு கலத்தில் அடைத்து, அதன் அழுத்தத்தைப் பாதரச மட்டத்தால் அளப்பார்கள்.

5 லிட்டர் காற்றில் இருக்கும் கரியமில வாயு ஏறத்தாழ 1.6 மில்லிலிட்டர்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியம் வேண்டுமானால் 1.6 மைக்ரோலிட்டர்கூடத் தவறக் கூடாது. கூடவே உறையும் நைட்ரஸ் ஆக்சைடைப் பிரிக்க வழியில்லை. அதைத் தனியே மதிப்பிட்டுக் கழிக்க வேண்டும். குடுவையைத் திறப்பவரின் மூச்சும் பகைதான். நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு சுமார் 4 விழுக்காடு. அதில் ஒரு மில்லிலிட்டர் குடுவைக்குள் புகுந்தாலே கணக்கு 8 பிபிஎம் கூடிவிடும் (ஒரு பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு). ஆகவே காற்று வரும் திசையை நோக்கிச் சில அடி நடந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, குடுவையைக் கை நீட்டிப் பிடித்துத் திறக்க வேண்டும்.

1955இல் கலிஃபோர்னியாக் கடற்கரையின் பிக் சர் காட்டில், ஒரு முழுப் பகலும் இரவும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குடுவைகளை நிரப்பினார். எடுத்துக்கொண்ட சிக்கலுக்கு இத்தனை மாதிரிகள் தேவையில்லை. ஆனால் வழி அதில்தான் திறந்தது. இரவில் மண்ணும் செடியும் விடும் மூச்சால் அளவு ஏறியது. பிற்பகலில் காற்று நன்றாகக் கலந்தபின் 310 பிபிஎம்மை ஒட்டி இறங்கி நின்றது. வேறு காடுகளிலும் மலைகளிலும் எடுத்த பிற்பகல் மதிப்புகளும் ஏறக்குறைய அதையே காட்டின. அதே ஆண்டுகளில் ஸ்காண்டிநேவியாவில் பல நிலையங்கள் மாதத்துக்குச் சில முறை அளந்தும் சிதறிய எண்களையே பெற்றிருந்தன. நிலையங்களைப் பெருக்குவதைவிட, ஒரே இடத்தில் சரியான நேரத்தில், நம்பகமான அளவுகோலால் அளப்பதே பயன் தரும் என்ற எண்ணம் அவருக்கு இங்கே உறுதிப்பட்டது.

வேலையைத் தேர்ந்த விதம் (1956)

1957 ஜூலையில் தொடங்கவிருந்த சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டுக்கு அமெரிக்காவில் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. வானிலைத் துறையின் ஆராய்ச்சித் தலைவர் அவரை வாஷிங்டனுக்கு அழைத்து வேலை தர முன்வந்தார். காட்டிய இடம் வெளிச்சம் குறைந்த ஒரு அடித்தள அறை. லா ஹோயாவில் கடலோரமாக இருந்த ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனமும் அழைத்தது. வெயிலும் கடற்காற்றும் தன் முடிவில் பங்கு வகித்ததை அவரே பின்னாளில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1956இல் ஸ்கிரிப்ஸில் சேர்ந்தார். வானிலைத் துறையின் தொடர்பையும் துண்டிக்கவில்லை. மலையும் நிலையமும் அத்துறையுடையவை. அளவுகோலும் கணக்கும் ஸ்கிரிப்ஸுடையவை. இந்த இரட்டை ஏற்பாடு பிற்காலத்தில் தொடருக்குக் கைகொடுத்தது.

ஸ்கிரிப்ஸ் இயக்குநரின் திட்டம் வேறு. உலகெங்கும் கப்பல்களிலும் விமானங்களிலும் மாதிரி எடுத்து இன்றைய நிலையை ஒருமுறை பதிந்துகொள்வது, பல ஆண்டு கழித்துத் திரும்ப வந்து வேறுபாட்டைப் பார்ப்பது. செலவைப் பார்த்தால் இதில் தவறில்லை. இளைஞரான நம் வேதியியலாளர் கேட்டது ஓரிடத்தில் இடைவிடாமல் அளக்கும் அகச்சிவப்புப் பகுப்பாய்வி (கரியமில வாயு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுவதைக் கொண்டு அளக்கும் கருவி). அப்ளைடு ஃபிசிக்ஸ் நிறுவனம் விற்றுக்கொண்டிருந்த அந்தக் கருவி தொழிற்சாலைப் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டது, விலையும் அதிகம். வானிலைத் துறையின் ஆராய்ச்சித் தலைவர் ஒப்புக்கொண்டார். மௌனா லோவாவுக்கு ஒன்று, அண்டார்டிகாவுக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று என வாங்கினார்கள்.

தொடர் அளவீட்டை அவர் ஏன் வற்புறுத்தினார் என்பதைப் பின்னர் தெரிந்த எண்களைக் கொண்டு பார்த்தால் புரியும். அன்றைய ஆண்டு உயர்வு 1 பிபிஎம்முக்கும் குறைவு. ஓர் ஆண்டுக்குள்ளேயே பருவத்துக்கேற்ப அளவு ஏறி இறங்குவது சுமார் 6 பிபிஎம். மே மாதத்தில் ஒரு கப்பல் எடுத்த மாதிரியையும் செப்டம்பரில் இன்னொரு கப்பல் எடுத்ததையும் ஒப்பிட்டால், உலகில் கரியமில வாயு குறைகிறது என்றுகூட எழுதிவிடலாம்.

எரிமலை மேல் முதல் ஆண்டு (1958)

நிலையம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், செடி கொடி இல்லாத எரிமலைக் கற்பரப்பில் உள்ளது. 1958 மார்ச் இறுதியில் வானிலைத் துறை ஊழியர் கருவியைப் பொருத்தி இயக்கினார். முதல் நாள் எண் 313 பிபிஎம். அவர் முன்கூட்டியே சொல்லியிருந்த மதிப்புக்கும் இதற்கும் ஒரு பிபிஎம் கூட வேறுபாடில்லை.

அதன்பின் குழப்பம். ஏப்ரலில் ஏறியது, மே மாதத்தில் இன்னும் ஏறியது, மின்சாரம் நின்றது. ஜூலையில் மீண்டும் ஓடியபோது மார்ச் மதிப்பைவிடக் கீழே இருந்தது. மேலும் இறங்கிக்கொண்டே போய், மறுபடி மின்தடை. நவம்பரில் இயங்கியபோது ஏறுமுகம். கருவி தறிகெட்டு ஓடுகிறது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அவருக்கும் நிம்மதி இல்லை. நவம்பரில்தான் அவர் முதல்முறையாக மலைக்கே போனார்.

ஆனாலும் எண்களைத் திருத்தவோ கருவியை மாற்றவோ அவர் முற்படவில்லை. காரணம் அளவுத்திருத்தச் சங்கிலி. அகச்சிவப்புக் கருவி தானாக எந்த எண்ணையும் சொல்லாது. இரண்டு வாயுக்களுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டுமே காட்டும். காகிதச் சுருளில் பேனா இழுக்கும் கோட்டுக்குப் பொருள் தருவது சிலிண்டரில் இருக்கும் ஒப்பீட்டு வாயு. அந்தச் சிலிண்டரின் மதிப்பை ஸ்கிரிப்ஸில் வைத்திருக்கும் தலைமைச் சிலிண்டர்களோடு ஒப்பிட்டுப் பெறுவார்கள். தலைமைச் சிலிண்டரின் மதிப்பு மானோமீட்டரிலிருந்து வருவது. கருவி காட்டும் அளவோ சில மணி நேரத்திலேயே தானாக நகர்ந்துவிடும். அதனால் மலையில் காற்றையும் ஒப்பீட்டு வாயுவையும் மணிக்கு மணி மாற்றி மாற்றி ஓட்டினார்கள். பேனா நகர்ந்தால் இரண்டு கோடுகளும் சேர்ந்தே நகரும், வேறுபாடு தப்பிவிடும். ஒப்பீட்டு வாயுவின் கோடு நிற்க, காற்றின் கோடு மட்டும் இறங்கினால் இறங்கியது காற்றுதான்.

1959இல் அதே ஏற்ற இறக்கம் அதே மாதங்களில் வந்தது. வட அரைக்கோளத்துத் தாவரங்கள் கோடையில் இழுத்து, மற்ற மாதங்களில் திருப்பி விடும் மூச்சு அது. 1960இல் அவர் தனியாக எழுதிய கட்டுரையில் பருவச் சுழற்சியும், ஆண்டுக்கு ஆண்டு உயர்வும் இடம்பெற்றன.

எதை ஏற்பது, எதைத் தள்ளுவது

எரிமலையில் பாறைப் பிளவுகள் வழியாகக் கரியமில வாயு கசியும். இரவில் காற்று மலையிலிருந்து கீழ்நோக்கி வரும்போது அது குழாயை எட்டும், கோடு நடுங்கும். பிற்பகலில் காற்று கீழிருந்து மேலேறும். அடிவாரத்துச் செடிகள் உறிஞ்சியதால் அளவு குறைந்த காற்று வரும். இரண்டையும் தள்ள வேண்டும். எந்த அடிப்படையில் தள்ளுவது என்பதுதான் கேள்வி. தனக்குப் பிடித்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டார் என்ற ஐயம் வந்துவிட்டால் எல்லாம் போயிற்று.

அவர் எடுத்த முடிவு, எண்ணைப் பார்க்காமல் நிலைத்தன்மையைப் பார்ப்பது. பல மணி நேரம் கோடு நடுங்காமல் ஓடினால் அந்தப் பகுதி ஏற்கப்படும். அதன் மதிப்பு உயர்வோ தாழ்வோ பொருட்டில்லை. அதே மலையில் இன்று அளக்கும் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமும் இதே வழியில்தான் போகிறது. ஒரு மணி நேரத்துக்குள் சிதறல் 0.30 பிபிஎம்முக்கு மேல் போனால் அந்த மணிநேரம் தள்ளுபடி. அடுத்தடுத்த மணிநேரச் சராசரிகள் 0.25 பிபிஎம்முக்குள் ஒத்துவர வேண்டும். விதி முதலிலேயே எழுதப்பட்டிருக்கும். தள்ளிய எண்ணை அழிக்காமல், ஏன் தள்ளினோம் என்ற குறியோடு வைத்திருப்பார்கள். வேலைக்குப் புதிதாக வருபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இங்கேதான்: விதியைத் தரவைப் பார்த்தபின் எழுதுகிறார்கள், தள்ளியதை நீக்கிவிடுகிறார்கள்.

பணம் நின்றது (1963–64)

புவி இயற்பியல் ஆண்டுக்கான பணம் தீர்ந்தபின் தொடர் ஒட்டுப்போட்ட மானியங்களில் ஓடியது. 1963இல் அரசின் செலவுக் குறைப்பு வந்தது. தென் துருவத்தில் தொடர் அளவீடு நின்றது. மௌனா லோவாவில் ஆட்கள் குறைக்கப்பட்டனர். 1964 தொடக்கத்தில் கருவி பழுதானபோது அதைச் சரிசெய்ய மலையில் ஆளில்லை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் வெற்று. சில மாதங்களில் மாற்று நிதி கிடைத்து மீண்டும் ஓடியது.

தென் துருவத்தில் தொடர் கருவி நின்றாலும் குடுவை நிரப்புவது நிற்கவில்லை. அதற்கு மின்சாரம் வேண்டாம், நிபுணர் வேண்டாம். மூச்சை அடக்கத் தெரிந்த ஒருவர் போதும். குடுவைகள் கப்பலேறி ஸ்கிரிப்ஸுக்கு வந்து, அதே சிலிண்டர்களோடு ஒப்பிடப்பட்டன. அந்தப் பதிவு உடையாமல் நீண்டதற்கு இந்த எளிய ஏற்பாடே காரணம். மௌனா லோவாவிலும் அந்த மூன்று மாதத்துக்குக் குடுவைகள் தயாராக இருந்திருந்தால் இடைவெளி விழுந்திருக்காது என்பது எங்கள் மதிப்பீடு.

“வழக்கமான வேலை” என்ற முத்திரை

தாலுகா அலுவலகத்து மழைமானியைக் காலை எட்டரை மணிக்குப் படித்து எழுதுபவரை யாரும் விஞ்ஞானி என்று அழைப்பதில்லை. இவர் மேலும் அந்தப் பார்வை விழுந்தது. பணம் தந்துவந்த தேசிய அறிவியல் அறக்கட்டளை அடிப்படை ஆராய்ச்சிக்கான அமைப்பு. பத்தாண்டுக்கு மேல் ஒரே எண்ணை அளப்பது ஆராய்ச்சியா, வழக்கமான கண்காணிப்பா என்று கேட்கத் தொடங்கியது. ஆண்டுக்கு இரண்டு கண்டுபிடிப்புகளுக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற கட்டளைகூட ஒரு கட்டத்தில் வந்தது. கண்காணிப்பு அரசுத் துறையின் வேலை, அவர்களிடமே விட்டுவிடலாமே என்ற வாதமும் எழுந்தது. 1974 முதல் மேற்சொன்ன நிர்வாகம் அதே மலையில் தன் சொந்தக் கருவியை இயக்கத் தொடங்கியபின், எதற்கு இரண்டு என்ற கேள்வி இன்னும் கூர்மையானது.

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய வாதம் இரண்டு பகுதி கொண்டது. அளப்பவரே தரவைப் பயன்படுத்தி ஆராய்ந்தால்தான் கருவியின் சிறு கோளாறு அவர் கண்ணில் படும். படித்து எழுதுவது மட்டும் வேலையாக இருப்பவருக்கு 0.3 பிபிஎம் நகர்வு உறுத்தாது. அந்த நகர்வோ அன்றைய ஆண்டு உயர்வில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இரண்டாவது, தனித்தனியாகத் திருத்தப்பட்ட இரண்டு பதிவுகள் ஒத்துப்போவதைவிட வலுவான சான்று வேறில்லை. இன்றும் இரண்டு பதிவுகளும் அதே மலையில் தனித்தனியே ஓடுகின்றன.

சரியான முடிவுதான், ஆனால் மலிவான முடிவல்ல. 47 ஆண்டை மூன்றாண்டுத் திட்டங்களாக வெட்டினால் 16 விண்ணப்பங்களாவது வரும். தன் ஆராய்ச்சிக் காலத்தின் பெரும்பங்கைப் பணத்துக்கான கடிதங்களிலேயே அவர் செலவிட நேர்ந்தது. நினைவுக் குறிப்பில் கண்காணிப்பின் பலனோடு தண்டனையையும் சேர்த்தே அவர் பேசுகிறார்.

அவரைத் தாங்கிய இன்னொன்று, தரவைப் பூட்டி வைக்காமல் வெவ்வேறு கேள்விகளுக்கு உட்படுத்தியது. எரித்த நிலக்கரி, எண்ணெய்க் கணக்கோடு ஒப்பிட்டு, வெளியானதில் எவ்வளவு காற்றில் தங்குகிறது என்று பார்த்தார். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் உயர்வு மாறுவதைக் காட்டினார். 1996இல் வெளியான கட்டுரை, 1960களின் தொடக்கத்திலிருந்து பருவ ஏற்ற இறக்கத்தின் வீச்சு ஹவாயில் சுமார் 20 விழுக்காடும், ஆர்க்டிக் பகுதியில் சுமார் 40 விழுக்காடும் பெருகியிருப்பதைக் கூறியது. முப்பது ஆண்டு ஒரே அளவுகோல் இல்லாமல் இதை எந்தப் புதுக் கருவியாலும் சொல்ல முடியாது. “கண்டுபிடிப்பு எங்கே” என்று கேட்டவர்களுக்கு இதுவே விடை. கொஞ்சம் தாமதமாக வந்தது.

ஒப்பீட்டு வாயுவில் ஒளிந்திருந்த பிழை

சங்கிலியில் ஒரு பலவீனம் இருந்தது. தொடக்கத்தில் ஒப்பீட்டுச் சிலிண்டர்களில் கரியமில வாயுவை நைட்ரஜனில் கலந்து அடைத்திருந்தார்கள். அளக்கப்படுவதோ ஆக்சிஜனும் கலந்த காற்று. மூலக்கூறு அகச்சிவப்பை உறிஞ்சும் கோட்டின் அகலம், சுற்றிலும் எந்த வாயு மோதுகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே ஒரே அளவு கரியமில வாயு நைட்ரஜனில் ஒரு குறிப்பையும் காற்றில் வேறு குறிப்பையும் தரும். வேறுபாடு கருவிக்குக் கருவி மாறும். சில பிபிஎம் வரை போகும். 1970களில் இது தெளிவானது.

உயர்வின் வேகம் இதனால் கெடவில்லை. மலையில் ஓடியது அதே கருவி என்பதால் பிழை எல்லா ஆண்டுகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு. கெட்டது முழு மதிப்பு. திருத்த முடிந்ததற்கும் அதே காரணம்: பழைய கருவி அப்போதும் இயங்கிக்கொண்டிருந்தது, சுருள்களும் சிலிண்டர் பதிவேடுகளும் பத்திரமாக இருந்தன. இருவகை வாயுவையும் அதில் ஓட்டிப் பார்த்து, 1958 வரை பின்னோக்கிச் சரிசெய்தார்கள். மூல அளவீடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மாதச் சராசரியை மட்டும் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. 1958இல் பொருத்திய அந்தக் கருவி 2006 வரை வேலை செய்தது. புதுக் கருவி வாங்கப் பணம் கிடைக்கும்போது பழையதை ஓரங்கட்டும் ஆசை எல்லா ஆய்வகத்திலும் உண்டு. குறைந்தது ஓர் ஆண்டாவது இரண்டையும் இணையாக ஓட்டாமல் மாற்றினால், தொடர் அந்த இடத்தில் ஒடிந்துவிடும்.

சிலிண்டரைப் பற்றி இன்னொரு சொல். அழுத்தம் 20 வளிமண்டலத்துக்குக் கீழே போனால் உள்சுவரில் ஒட்டியிருந்த கரியமில வாயு பிரிந்து வந்து மதிப்பை உயர்த்தும். ஆகவே அதற்கு முன்பே சிலிண்டரை எடுத்துவிட வேண்டும். காசு மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் கடைசிவரை ஓட்டுபவர்களின் தரவில், சிலிண்டர் மாற்றிய நாளில் ஒரு படி தெரியும்.

விளைவு

1959இல் ஆண்டுச் சராசரி 316 பிபிஎம்மை ஒட்டி இருந்தது. அவர் இறந்த 2005இல் சுமார் 380. அவர் 1968இல் பேராசிரியரானார், ஸ்கிரிப்ஸில் சேர்ந்து 12 ஆண்டு கழித்து. 1993இல் ப்ளூ பிளானட் பரிசும், 2002இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கமும் வந்தன. மலையில் தொடங்கியதிலிருந்து எண்ணினால் முதல் பரிசுக்கு 35 ஆண்டு, இரண்டாவதற்கு 44 ஆண்டு. துறையில் இன்று பணிக்குழுக்கள் ஓர் ஆராய்ச்சியாளரை மதிப்பிடுவது மூன்று, ஐந்து ஆண்டுக் கணக்கில்.

பொறுப்பை அவருடைய மகனான புவிவேதியியலாளர் ஏற்றார். அவர் ஏற்கெனவே ஸ்கிரிப்ஸில் காற்றின் ஆக்சிஜனை அளக்கும் தனித் தொடர் ஒன்றை நடத்திவந்தவர். கைமாற்றம் தடங்கலின்றி நடந்தது. ஆனால் வாரிசுக்கான ஏற்பாடு நிறுவனத்திடம் இல்லாமல் ஒரு குடும்பத்தின் நற்பேறாக அமைந்ததை முறையாகக் கொள்ள முடியாது.

பணச் சிக்கலும் கைமாறியது. 2013இல், அளவு 400 பிபிஎம்மைத் தொட்ட அதே ஆண்டில், தொடரை நடத்தப் பொதுமக்களிடம் நன்கொடை கேட்க வேண்டியதாயிற்று. 2022 நவம்பரில் மௌனா லோவா வெடித்தபோது எரிமலைக் குழம்பு சாலையையும் மின்கம்பியையும் அறுத்தது. 1958இல் தொடரை முதலில் நிறுத்தியதும் மின்சாரம்தான். இந்த முறை அதே தீவின் மௌனா கேயா மலையில் தற்காலிகமாக அளவீடு தொடர்ந்தது. பழைய நிலையம் பிறகு சூரிய மின்சாரத்தால் ஓரளவு உயிர்பெற்றது. 2025 மே மாதச் சராசரி 430 பிபிஎம்மைத் தாண்டியது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மீண்டும் தொடங்குவதானால், முதலில் மாற வேண்டியது ஒப்பீட்டு வாயு. ஒரே அளவு கரியமில வாயுவை நைட்ரஜனிலும் உலர்ந்த காற்றிலும் கலந்து, இரண்டையும் மானோமீட்டரிலும் கருவியிலும் அளந்து பார்ப்பது சில நாள் வேலை. 1957இல் அதைச் செய்திருந்தால் பிற்காலத்து நீண்ட திருத்தங்கள் தேவைப்பட்டிருக்காது. மண், நீர், நுண்துகள் என்று எதை அளப்பவருக்கும் இது பொருந்தும்: ஒப்பீட்டுப் பொருள், அளக்கும் பொருளின் ஊடகத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது விண்ணப்பம் எழுதும் முறை. அளவுத்திருத்தச் செலவைக் “கருவிப் பராமரிப்பு” என்ற தலைப்பில் ஒளித்து வைத்தால், வெட்டு வரும்போது அதுதான் முதலில் போகும். சிலிண்டர், சரக்குக் கட்டணம், ஒப்பீட்டுக்கான ஆள் நேரம் ஆகியவற்றைத் தனி வரியாகக் காட்டி, அது போனால் முந்தைய எல்லா ஆண்டுகளின் எண்ணும் மதிப்பிழக்கும் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். தொடர் கருவிக்கு இணையாக மலிவான ஒரு மாற்று, குடுவையோ வடிகட்டித் தாளோ, தனி நிதியில் ஓடட்டும். இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து பணம் வந்தால் இரண்டும் ஒன்றாகவே நிற்கும்.

மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் இளம் ஆய்வாளர் இவரைப் போல ஒரே எண்ணில் எல்லாவற்றையும் வைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. 1956இல் இருந்த நிலையான பணியிடங்கள் இன்று குறைவு. அப்படிப்பட்டவர் ஏற்கெனவே ஓடும் தொடரில் சேர்ந்து, அதன் தரவில் தனக்கென ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்தது. தொடரைப் பராமரித்த வேலையும் அவர் பெயரில் பதிவாக வேண்டும்; தரவுத் தொகுப்பை மேற்கோள் எண்ணோடு வெளியிடுவது அதற்கு ஒரு வழி. மூத்தவர் ஓய்வு பெறும் முன்பே இருவரும் ஒரே சிலிண்டரைத் தனித்தனியே அளந்து, விடைகள் 0.1 பிபிஎம்முக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் கைமாற்றம் முடியவில்லை என்று பொருள்.

ஸ்கிரிப்ஸ் வெளியிடும் மாதாந்தரக் கோப்பை யாரும் இறக்கிப் பார்க்கலாம். அளந்த மதிப்புக்கு ஒரு பத்தி (நெடுவரிசை), இடைவெளியை வளைகோட்டால் நிரப்பிய மதிப்புக்கு வேறொரு பத்தி. 1958 ஜூன், அக்டோபர் மாதங்களுக்கு நேரே அளந்த பத்தியில் −99.99 (அளவீடு இல்லை என்பதன் குறி) என்றிருக்கும், அவை மின்தடை விட்ட தடம். 1964 பிப்ரவரி, மார்ச், ஏப்ரலுக்கு நேரேயும் அதே −99.99 இருக்கிறது.